முள்ளில்லாத கற்றாழையும் ஒரு பள்ளத்தாக்கின் தண்ணீரும்

2016ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள புறநகர் ஒன்றில் வசிக்கும் என் மைத்துனரின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். வீட்டின் முன்புறத்தில் புற்றரை இருக்கவில்லை. முந்திய ஆண்டுதான் அதைக் கிளறி எடுத்துவிட்டு, பருமணலும் சிறு கற்களும் பரப்பி, இடையிடையே சில செடிகளை நாட்டியிருந்தார்கள். அவற்றுள் ஒன்று உடனடியாகக் கண்ணைக் கவர்ந்தது. வெளிர் பச்சை நிறம், அகன்ற இதழ்கள் கொண்ட பெரியதொரு பூவைப் போல விரிந்த இலையடுக்கு, மெழுகு பூசியது போன்ற மினுமினுப்பு. எண்பது வயதைக் கடந்த என் மாமி கைத்தடியால் அதைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்.

"தம்பி, இவன் இதைக் கற்றாழை எண்டுறான். தொட்டுப் பார். ஒரு முள்ளைக் காணேல்லை. முள்ளில்லாத கற்றாழையும் ஒரு கற்றாழையோ?"

தொட்டுப் பார்த்தேன். இலை மென்மையாக வளைந்து கொடுத்தது. ஓரத்தில் பல் இல்லை. நுனியில் ஊசி இல்லை. மாமியின் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. ஊர் திரும்பிய பின்னர் அச்செடியின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். தேடல் தாவரவியலில் தொடங்கி, நான் எதிர்பாராத இடமொன்றில், அதாவது ஒரு நகரம் ஒரு பள்ளத்தாக்கின் தண்ணீரைக் கொண்டுபோன கதையில், வந்து நின்றது. அதைத்தான் இங்கு எழுதுகிறேன்.

பெயரால் வந்த குழப்பம்

முதலில் மாமியின் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். நாம் கற்றாழை என்ற ஒரே சொல்லால் இரு வேறு தாவரக் கூட்டங்களை அழைக்கிறோம். சோற்றுக் கற்றாழை 'அலோ' என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதன் உறவினர்கள் ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் அரேபியாவிலும் வாழ்பவர்கள். யானைக் கற்றாழை என்று சொல்லப்படும் பெரிய செடியோ 'அகாவே' என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. கொலம்பஸின் கடற்பயணத்துக்கு முன்னர் நமது பக்கத்தில் எவரும் அதைக் கண்டிருக்க முடியாது. ஆக, பின்னாளில் வந்து சேர்ந்த அந்நியச் செடிக்கு, ஏற்கெனவே தெரிந்த செடியின் பெயரை நம்மவர்கள் சூட்டியிருக்கிறார்கள்.

இதற்காக நாம் வெட்கப்படத் தேவையில்லை. ஐரோப்பியரும் இதே தவறைத்தான் செய்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் மெக்சிக்கோவிலிருந்து வந்த செடியை அவர்கள் 'அமெரிக்க அலோ' என்றே நெடுங்காலம் அழைத்தனர். 1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ்தான் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, 'உயர்ந்தது', 'வியக்கத்தக்கது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அகாவே என்ற பெயரை வழங்கினார். இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு பூப்பதில் இருக்கிறது. சோற்றுக் கற்றாழை ஆண்டுதோறும் பூத்தாலும் தொடர்ந்து வாழும். அகாவேயின் இலையடுக்கு வாழ்நாளில் ஒரே தடவை பூக்கும். பூத்த பின்னர் மடிந்துவிடும்.

மெக்சிக்கோவின் 'மகே'

அகாவே பேரினத்தில் இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மெக்சிக்கோவுக்கு உரியவை. அங்கே அதை 'மகே' என்கிறார்கள். அதுவும் மெக்சிக்கோவின் சொல் அன்று. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் கற்றுக்கொண்டு கொண்டுபோன சொல். நாவாத்து மொழி பேசிய மக்கள் அதை 'மெத்ல்' என்றனர்.

நமக்குப் பனை எப்படியோ, மத்திய மெக்சிக்கோ மக்களுக்கு மகே அப்படி. இலையிலிருந்து நார், நாரிலிருந்து கயிறும் துணியும், முள்நுனியிலிருந்து ஊசி, அடித்தண்டைக் குழியில் சுட்டால் உணவு, நடுக்குருத்தைத் தோண்டினால் ஊறும் இனிப்பு நீர், அது புளித்தால் 'புல்க்கே' என்னும் கள். கள்ளுக்கும் மகேக்கும் மாயாவெல் என்றொரு பெண் தெய்வமும் இருந்தாள். 1590இல் வெளிவந்த தம் நூலில் ஸ்பானியப் பாதிரியார் ஹோசே டி அகோஸ்டா இதை அதிசயங்களின் மரம் என்று வருணித்தார். பனையைக் கற்பகதரு என்று அழைக்கும் நமக்கு இந்த வியப்பைப் புரிந்துகொள்வது கடினமன்று.

பின்னாளில் அகாவேயின் ஓரினம் தெக்கீலா என்ற மதுவால் உலகப் புகழ் பெற்றது. இன்னோர் இனமான சிசல், 1893இல் புளோரிடாவிலிருந்து ஜேர்மனியரின் கிழக்கு ஆபிரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அனுப்பப்பட்ட ஆயிரம் கன்றுகளில் பிழைத்தவை 62 மட்டுமே. அந்த 62இலிருந்து பெருகியவையே இன்றைய தன்சானியாவின் பெருந்தோட்டங்களை உருவாக்கின. இவை உழைக்கும் செடிகள். நமது கதாநாயகி, அதாவது முள்ளில்லாத கற்றாழை, இந்தக் குடும்பத்தில் எந்த உழைப்புக்கும் புகழ் பெறாத ஒரு செடி. அழகு ஒன்றையே அது முதலாகக் கொண்டு உலகைச் சுற்றி வந்தது.

மலை இடுக்கிலிருந்து ஒரு பிரபுவின் தோட்டத்துக்கு

அதன் தாவரவியற் பெயர் அகாவே அட்டெனுவாட்டா. மத்திய மெக்சிக்கோவில் ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்து கிழக்கே மெக்சிக்கோ மாநிலம் வரையிலான மலைகளே அதன் தாயகம். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,900 முதல் 2,500 மீற்றர் உயரத்தில், பைன் மரக் காடுகளுக்கிடையே துருத்தி நிற்கும் பாறைகளின் இடுக்குகளில் அது வேரூன்றி வாழ்கிறது. அந்த இயற்கை வாழிடங்களிலும் அது அரிதாகவே காணப்படுகிறது.

இந்த விபரம் முக்கியமானது. அகாவே என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது சுட்டெரிக்கும் பாலைவனம். இச்செடியோ பாலைவனச் செடி அன்று. கோடைமழை பெய்யும் குளிர்ந்த மலைச்சரிவில் வளர்வது. பாறை இடுக்கில் மண் சொற்பம் என்பதால் மழைநீர் உடனே வடிந்துவிடும். ஆகவே, மழை பெய்யும்போது குடித்து இலையில் சேமித்து, அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கக் கற்றிருக்கிறது. பகலில் இலைத்துளைகளை மூடிவைத்து, இரவின் குளிர்ச்சியில் மட்டும் திறந்து காற்றை உள்வாங்கும் வழக்கம் அகாவே இனங்களுக்கு உண்டு. இதனால் நீராவியாகும் இழப்பு மிகக் குறைகிறது. வறட்சியைத் தாங்குவது வேறு, பாலைவனத்தை விரும்புவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் கொடும் வெயிலில் இதை நாட்டி, இலைகள் வெந்து வெளிறுவதைக் கண்டு ஏமாந்திருக்கிறார்கள்.

இச்செடிக்கு 1834இல் பெயர் சூட்டியவர் ஒரு ஜேர்மன் பிரபு. யோசப் சு சால்ம்-ரைபர்ஷைட்-டிக் என்பது அவருடைய நீண்ட பெயர். டுசெல்டோர்ப் நகருக்கு அண்மையிலுள்ள டிக் கோட்டையில் சதைப்பற்றுள்ள தாவரங்களின் பெருந்தொகுதி ஒன்றை அவர் வளர்த்துவந்தார். தாவரங்களைத் தம் கையாலேயே வரையவும் கற்றிருந்தார். தம் தோட்டத்துச் செடிகளைப் பட்டியலிட்டு 1834இல் அவர் வெளியிட்ட நூலில்தான் இப்பெயர் முதன்முதலில் அச்சேறியது. மெக்சிக்கோ 1821இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற பின்னர், அந்நாட்டின் கதவுகள் ஏனைய ஐரோப்பியருக்கும் திறந்திருந்த காலம் அது. கண்ணாடி வீடுகளில் வெப்பநாட்டுச் செடிகளை வளர்ப்பது செல்வந்தர்களின் கௌரவமாக இருந்தது. பல மாதக் கடற்பயணத்தில் நீரின்றிப் பல செடிகள் மாண்டுபோகும். சதைப்பற்றுள்ள செடிகளோ காய்ந்த பெட்டியிலும் உயிர் பிழைத்துவிடும். இவை ஐரோப்பியத் தோட்டங்களில் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடிக் கூரையிலிருந்து திறந்தவெளிக்கு வந்த இடங்களில் ஒன்று மத்தியதரைக் கடற்கரை. ஆங்கிலேய வணிகர் தோமஸ் ஹன்பெரி 1867இல் இத்தாலி, பிரான்சு எல்லைக்கு அருகே லா மோர்த்தோலா என்ற இடத்தை வாங்கி உலகத் தாவரங்களைக் கொண்ட தோட்டமொன்றை அமைத்தார். அங்கு 1897 முதல் பொறுப்பாளராகப் பணியாற்றியவர் ஜேர்மனியரான அல்வின் பேர்கர். 1914இல் போர் மூண்டதும் அவர் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. மறு ஆண்டு, 1915இல், அகாவேக்கள் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. அடுத்த பெருநூலுக்கு 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை எழுதியவர் ஹவார்ட் ஸ்கொட் ஜென்ட்ரி என்ற அமெரிக்கர்.

ஹன்டிங்டனுக்கு முள் பிடிக்காது

இனி கலிபோர்னியாவுக்கு வருவோம். மைத்துனரின் வீட்டிலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் சான் மரினோ என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள ஹன்டிங்டன் தாவரவியற் பூங்காவின் பாலைத் தோட்டம் பத்து ஏக்கர் பரப்பில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்டது. இதன் பிறப்புக்கதை சுவையானது.

ஹென்றி ஹன்டிங்டன் புகையிரதப் பாதைகளாலும் மின்சாரத் திராம் வண்டிகளாலும் நிலவணிகத்தாலும் பெருஞ்செல்வம் திரட்டியவர். 1903இல் சான் மரினோ பண்ணையை வாங்கினார். அவருடைய தோட்டக்கலைஞர் வில்லியம் ஹேர்ட்ரிச், மண் நன்றாக இல்லாத ஒரு சரிவில் கள்ளி, கற்றாழை இனங்களை நாட்டலாம் என்று 1907 அளவில் யோசனை சொன்னார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. முன்னர் புகையிரதப் பாதை வேலையை மேற்பார்வை செய்தபோது சப்பாத்திக் கள்ளியில் உரசி முள் தைத்துத் துன்பப்பட்டவர் அவர். ஹேர்ட்ரிச் பொறுமையாகப் பேசி இணங்கவைத்தார். சிறிதாகத் தொடங்கிய தோட்டம் வளர வளர முதலாளியே அதில் ஆர்வங்கொண்டு, அரிசோனாவிலிருந்து பாரிய கள்ளிகளைப் புகையிரதப் பெட்டிகளில் வருவிக்கும் அளவுக்குப் போனார்.

இதுவரை இது இனிமையான கதை. ஆனால் அதே ஆண்டுகளில் அதே மனிதர் இன்னொரு கதையிலும் வருகிறார்.

தண்ணீர் வந்த வழி

1900இல் லொஸ் ஏஞ்சலிஸின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சத்து இரண்டாயிரம். அந்நகரின் சிற்றாறு அதற்கு மேல் அதிகம் பேரைத் தாங்காது என்பது தெரிந்திருந்தது. வடக்கே, சியரா நெவாடா மலைகளின் கிழக்குப் புறத்தில், ஓவன்ஸ் பள்ளத்தாக்கு இருந்தது. பனி உருகி ஓடிவரும் ஆறு, அதன் முடிவில் ஒரு பெரிய ஏரி. பையூட் பழங்குடி மக்கள் வெள்ளையர் வருமுன்னரே அங்கு வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தவர்கள். அவர்களை விரட்டிவிட்டு வந்த குடியேறிகள் அப்போது அங்கு பயிர் செய்துகொண்டிருந்தனர்.

நகரத்தின் முன்னாள் மேயர் பிரெட் ஈட்டனும் நீர்ப்பொறியியலாளர் வில்லியம் மல்ஹொலண்டும் அந்த ஆற்றை நகருக்குத் திருப்பத் திட்டமிட்டனர். காணிகளும் நீருரிமைகளும், நோக்கம் வெளியே தெரியாமல், ஒவ்வொன்றாக வாங்கப்பட்டன. 1905 யூலை மாதம் செய்தி வெளியானபோது விவசாயிகள் பலருக்கு எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

பத்திரிகைத்துறையில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் அடுத்த விடயத்தைச் சற்று நாணத்துடனேயே எழுதுகிறேன். அந்தச் செய்தியை வெற்றி முழக்கத்துடன் வெளியிட்ட லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ் பத்திரிகையின் உரிமையாளர் ஹரிசன் கிரே ஓடிஸ், வரவிருக்கும் தண்ணீரால் விலை ஏறக்கூடிய சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் காணி வாங்கிய கூட்டுக்குழுவின் பங்காளி. திட்டத்தை ஆதரித்து எழுதிய பத்திரிகை, தன் முதலாளியின் இலாபம் அதில் கலந்திருப்பதை வாசகருக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதம் போட்டிப் பத்திரிகையான எக்ஸாமினர்தான் அக்குழுவின் பெயர்களை அம்பலப்படுத்தியது. அந்தப் பங்காளிகளில் இன்னொருவர், நமது பாலைத் தோட்டத்தின் சொந்தக்காரர் ஹென்றி ஹன்டிங்டன்.

233 மைல் நீளமான கால்வாய் 1913 நவம்பர் 5ஆம் திகதி திறக்கப்பட்டது. மலைநீர் புவியீர்ப்பால் மட்டுமே ஓடி நகரை அடைந்தது. பொறியியல் நோக்கில் அது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. 1930இல் நகரின் மக்கள்தொகை பன்னிரண்டு இலட்சத்தைத் தாண்டியது. மறுபுறத்தில் ஓவன்ஸ் ஏரி 1920களின் நடுப்பகுதியில் வற்றிப்போனது. 1924 மே மாதத்தில் பள்ளத்தாக்கு மக்கள் கால்வாயை வெடிவைத்துத் தகர்த்தனர். அதே ஆண்டு நவம்பரில் மதகுகளைக் கைப்பற்றி நீரை மீண்டும் தம் ஆற்றில் திருப்பிவிட்டனர். ஆனாலும் அவர்கள் தோற்றார்கள். 1928 மார்ச் 12ஆம் திகதி நள்ளிரவை அண்டி, மல்ஹொலண்ட் கட்டிய சென் பிரான்சிஸ் அணை உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டது. ஹன்டிங்டன் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். அணை உடைந்த அதே 1928இல் அவருடைய தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

வற்றிய ஏரியின் படுக்கையிலிருந்து எழுந்த உப்புத்தூசி பல தசாப்தங்களாக அப்பிரதேச மக்களின் மூச்சைத் திணறவைத்தது. அந்தத் தூசியை அடக்குவதற்காக லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் இதுவரை 200 கோடி டொலருக்கு மேல் செலவிட்டிருக்கிறது. எடுத்த தண்ணீருக்கான வட்டி என்று இதைச் சொல்லலாம்.

புற்றரை என்னும் ஆடம்பரம்

இவ்வாறு கொண்டுவரப்பட்ட தண்ணீர் எங்கே போனது? குடிநீர், தொழிற்சாலை, பழத்தோட்டம் என்று பல வழிகளில் போனது. ஆனால் கணிசமான பங்கு வீட்டு முற்றத்துப் புல்லுக்குப் போனது. கலிபோர்னியாவின் நகரப்புற வீடுகளில் செலவாகும் நீரில் ஏறத்தாழ அரைவாசி வீட்டுக்கு வெளியே, தோட்டத்தில், செலவாகிறது. இங்கிலாந்தின் ஈரக் காலநிலைக்கு இயல்பான புற்றரை, ஆண்டில் ஆறு மாதம் மழையே காணாத நாட்டுக்கு மதிப்பின் சின்னமாக வந்து சேர்ந்தது. அதைப் பசுமையாக வைத்திருப்பது நல்ல குடிமகனின் கடமை என்று கருதப்பட்டது.

அந்தக் காலம் முழுவதும் முள்ளில்லாத கற்றாழை அங்கேயே இருந்தது. கடலோர நகரங்களின் தோட்டங்களில், சுவர் மூலைகளிலும் வாசற்படிகளின் அருகிலும், ஓர் அலங்காரத் துணைப்பாத்திரமாக அது நின்றது. குழந்தைகள் ஓடித் திரியும் முற்றத்தில் ஊசிமுனைக் கற்றாழையை எவரும் நாட்டமாட்டார்கள். இதை நாட்டலாம். இதுவே அதன் செல்வாக்குக்குக் காரணம்.

அதன் காலம் வறட்சிகளோடு வந்தது. 1976-77இல் கடும் வறட்சி. மீண்டும் 1987 முதல் 1992 வரை. 1981இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகர நீர்வழங்கல் துறை 'சீரிஸ்கேப்' என்ற சொல்லை உருவாக்கியது. உலர்ந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. குறைந்த நீரில் வளரும் தோட்டம் என்ற கருத்து அன்றிலிருந்து ஓர் இயக்கமாகப் பரவியது.

தோட்டக்கலைஞர்களும் சும்மா இருக்கவில்லை. முள்ளில்லாத கற்றாழையின் பெரிய பலவீனம் குளிர். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இரண்டு பாகை இறங்கினாலே இலைகள் கருகத் தொடங்கும். 1990 டிசெம்பரில் கலிபோர்னியாவைத் தாக்கிய உறைபனியில் ஏராளமான தோட்டச் செடிகள் மடிந்தன. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத் தாவரவியற் பூங்காவில் பணியாற்றிய டேவிட் வெரிட்டி, 1960களிலேயே இதைக் கரையோரத்தில் வளரும் ஷாவ் அகாவேயுடன் கலந்து, சற்று உறுதியான நீல நிறக் கலப்பினத்தை உருவாக்கியிருந்தார்; அது 'புளூ பிளேம்' எனப்படுகிறது. பின்னர் கெலி கிரிபின் என்பவர் சொனோராப் பகுதியின் ஒக்காஹுய் அகாவேயுடன் கலந்து உருவாக்கிய 'புளூ குளோ' உலகெங்கும் பரவியது. ஹன்டிங்டன் பூங்காவில் தாவரவியலாளராக இருந்த பிரெட் பூட்டின் பெயரால் வழங்கும் நீல இலை வகையும் உண்டு.

2015 ஏப்ரல் 1ஆம் திகதி, ஆளுநர் ஜெரி பிறவுண் சியரா நெவாடா மலையில் ஒரு புல்வெளியில் நின்றபடி கட்டாய நீர்க்குறைப்பு ஆணையை அறிவித்தார். வழக்கமாக அந்த நாளில் அங்கே ஐந்தடிக்கு மேல் பனி கிடக்கும். அன்று அவருடைய காலடியில் காய்ந்த புல் மட்டுமே. நகரப்புற நீர்ப்பாவனையை 25 வீதத்தால் குறைக்கவும், 5 கோடி சதுர அடிப் புற்றரையை அகற்றவும் ஆணை கூறியது. தென் கலிபோர்னியாவின் பெருநகர நீர் மாவட்டம், அகற்றும் ஒவ்வொரு சதுர அடிப் புல்லுக்கும் இரண்டு டொலர் வழங்கியது. மே மாதத்தில் 45 கோடி டொலராக உயர்த்தப்பட்ட நிதி, யூலை மாதத்துக்குள் முழுவதும் கேட்டு முடிக்கப்பட்டுவிட்டது. என் மைத்துனரின் முற்றமும் அப்படித்தான் மாறியது.

இந்த மாற்றம் முழுக்க நன்மையே என்று நான் எழுதமாட்டேன். பல வீடுகளில் புல்லை எடுத்துவிட்டு வெறும் கல்லைக் கொட்டி, நடுவில் இரண்டு கற்றாழையை நட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டார்கள். கல் வெயிலை வாங்கி இரவிலும் வெப்பத்தை உமிழ்கிறது. பறவைக்கும் பூச்சிக்கும் அங்கே எதுவுமில்லை. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரும் இன்றுவரை நகருக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயினும் பசும்புல்லே நாகரிகம் என்ற நூறாண்டு நம்பிக்கை அந்த வறட்சியில் உடைந்தது. 2023இல் கலிபோர்னியா சட்டமன்றம், வணிக, அரச கட்டடங்களின் வெறும் அலங்காரப் புற்றரைகளுக்குக் குடிநீர் பாய்ச்சுவதைப் படிப்படியாகத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

வளர்க்க விரும்புவோருக்கு

வரலாற்றை மட்டும் சொல்லி முடித்தால், நாடு பல கண்ட வாசகர்கள் எவ்வாறு வளர்ப்பது என்று கேட்டு எழுதக்கூடும். மைத்துனரின் அனுபவத்திலிருந்தும் படித்தவற்றிலிருந்தும் சில குறிப்புகள்.

இச்செடியின் தண்டு மெல்ல மெல்ல நீண்டு, ஒன்றரை மீற்றர் வரை உயர்ந்து, பாம்புபோல் சாய்ந்து கிடக்கும். இலையடுக்கு ஒரு மீற்றருக்கு மேல் அகலும். ஆகவே நடைபாதையிலிருந்து விலக்கி நாட்ட வேண்டும். அடியில் முளைக்கும் பக்கக் கன்றை வெட்டி எடுத்து, வெட்டுவாய் காயும்வரை சில நாட்கள் நிழலில் வைத்துப் பின்னர் நாட்டினால் எளிதில் வேர் பிடிக்கும். மண்ணில் பாதியளவு பருமணலோ சிறுகல்லோ இருக்க வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும்; வறட்சியால் சாவதைவிட ஈரத்தால் சாவதே அதிகம். கொழும்பு போன்ற ஈரமான இடங்களில் மேடு கட்டியோ சட்டியிலோ வளர்ப்பது நல்லது. யாழ்ப்பாணம், சென்னை போன்ற வெயில் மிகுந்த இடங்களில் பிற்பகல் நிழல் தேவை. முதலாண்டில் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றி, வேர் ஊன்றிய பின்னர் மண் நன்றாகக் காய்ந்ததும் ஊற்றினால் போதும். கனடா, ஐரோப்பா வாசகர்கள் சட்டியில் வளர்த்து, பனிக்கு முன்னர் வெளிச்சமுள்ள அறைக்குள் எடுத்துவிட வேண்டும். மெல்லிலை என்பதால் நத்தைக்கு இது விருந்து. தென்னையைத் துளைக்கும் செங்கூன்வண்டின் உறவான கூன்வண்டு ஒன்று அகாவேயின் அடியைத் துளைத்து அழுகச்செய்யும். அப்படி அழுகிய செடியை அகற்றுவதைத் தவிர வேறு வழி குறைவு. முள் இல்லாவிடினும் அதன் சாறு சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கும். வெட்டும்போது கையுறை அணிவது நல்லது.

பத்தாண்டு அளவில் அது பூக்கும். ஏனைய அகாவேக்களின் பூந்தண்டு கம்பம்போல் நிமிரும். இதன் தண்டு இரண்டு மூன்று மீற்றர் உயர்ந்து, பின்னர் வளைந்து நிலத்தை நோக்கித் தாழும். நெருக்கமான வெளிர்மஞ்சட் பூக்களால் மூடிய அத்தண்டைக் கண்டே நரிவால் என்றும் சிங்கவால் என்றும் அன்னக் கழுத்து என்றும் பெயர்கள் வந்தன. பூத்த இலையடுக்கு மடியும். சுற்றி நிற்கும் கன்றுகள் தொடரும்.

அதைக் கேட்டபோது மாமி ஆச்சரியப்படவில்லை. "வாழையும் அப்பிடித்தானே தம்பி. குலை தள்ளினால் தாய் போகும், குட்டி நிக்கும்" என்றார். நூல்கள் பல பக்கங்களில் சொன்னதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

நான் புறப்பட்ட காலையில் மாமி சமையலறையிலிருந்து ஒரு சட்டியுடன் வெளியே வந்தார். அரிசி கழுவிய தண்ணீர். ஊரில் துலா மிதித்து இறைத்த கிணற்றுநீரில் ஒரு துளியையும் வீணாக்காமல், கழுவிய நீரை வாழைக்கு விட்டுப் பழகிய கை. மகன் சிரித்தபடி, "அம்மா, அதுக்குத் தண்ணி தேவையில்லை" என்றார். "தேவையில்லாட்டிலும் இதைக் குழாய்க்குள்ள ஊத்த எனக்கு மனம் வராது" என்று சொல்லிவிட்டு, இலையில் படாமல், மணலில் மெல்லச் சரித்து ஊற்றினார்.

அந்தத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வந்தது என்பது அன்று மாமிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் எங்கிருந்தோ, யாரிடமிருந்தோ வந்த ஒன்று அது என்ற எண்ணம் அவருடைய கையில் இருந்தது. 1905இல் அந்நகரத்தின் பெரியவர்களுக்கு இல்லாமற் போனது அந்த எண்ணந்தான்.